மேடைக்குப் பஞ்சமில்லை

2025 மே மாதத் தொடக்கத்தில் டாலஸ் பக்கத்திலுள்ள ஃபிரிஸ்கோ நகர மக்கள் ஒரு கலையரங்கத்தை ஓட்டுப் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெரிய நாடகங்களும் இசை நிகழ்ச்சிகளும் நடத்தும் அளவுக்கு ஓர் அரங்கம். நகராட்சியும் பக்கத்து பிராஸ்பர் பள்ளி மாவட்டமும் சேர்ந்து கட்டுவதாகத் திட்டம். அதற்காக வைத்த இரண்டு தீர்மானங்களும் தோற்றன. இது முதல் தடவையும் அல்ல. ஆலன், பிளேனோ நகரங்களோடு சேர்ந்து ஒரு பொது அரங்கம் கட்டப் பல வருஷம் பேசிப் பேசி, 2011-ல் ஃபிரிஸ்கோ கையை விரித்ததும் அதுவும் படுத்துவிட்டது. எனக்கு இந்த ஊரில் ஓட்டு கிடையாது. கிரீன் கார்டுக்காரன். அபிப்பிராயம் மட்டும் தாராளமாக உண்டு.

விளையாட்டுக்கு இந்த ஊர் செலவழிக்கத் தயங்கியதில்லை. கால்பந்து மைதானம் 2005-ல் வந்தது. டாலஸ் கவ்பாய்ஸ் அணி தன் தலைமையகத்தை 2016-ல் இங்கே கொண்டுவந்தது. தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர்களின் அமெரிக்கச் சங்கமும் 2022-ல் குடிவந்துவிட்டது. பாட்டுக்கும் நாடகத்துக்கும் மட்டும் மக்கள் கணக்குப் பார்க்கிறார்களே என்று என் மருமகனுக்கு வருத்தம். எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. வேலைக் காலம் முழுதும் தணிக்கைத் துறையில் மற்றவர்களின் கணக்கைப் பார்த்துப் பிழைத்தவன் நான். கட்டடத்துக்கு ஆகும் செலவை எப்படியாவது எழுதிவிடலாம். கட்டிய பிறகு, வேலை நாள் சாயங்காலத்தில், மழையும் காற்றும் அடிக்கும்போது அந்த நாற்காலிகளில் யார் வந்து உட்காருவார்கள் என்பதை எந்தத் தீர்மானத்திலும் எழுத முடியாது.

2000-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஃபிரிஸ்கோவின் மக்கள்தொகை 33,714. 2020-ல் 2,00,509. இருபது வருஷத்தில் ஆறு மடங்கு. அதில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஆசியாவிலிருந்து வந்த குடும்பத்தவர். நம் ஆட்களுக்குக் குறைவே இல்லை. சனிக்கிழமை காலையில் நடக்கப் போனால் ஏதாவது ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து ஜண்டை வரிசை கேட்கும். அடுத்த தெருவில் மிருதங்கச் சொல். என் பேத்தி வாய்ப்பாட்டு, எதிர் வீட்டுப் பையன் வயலின், அவன் தங்கை பரதம். அப்பா அம்மாவுக்குச் சனி ஞாயிறு முழுதும் வகுப்புக்கு வகுப்பு கார் ஓட்டுவதே வேலை.

கோடைக்காலத்தில் அரங்கேற்றங்கள். அதற்கு அரங்கு நிரம்பி வழியும். பட்டுப்புடவை, பூ அலங்காரம், புகைப்படக்காரர்கள் இரண்டு பேர், முடிந்ததும் இலை போடாத குறையாகச் சாப்பாடு. நான் குறை சொல்லவில்லை. அந்தக் குழந்தைகள் நிஜமாகவே உழைக்கிறார்கள். ஆனால் அதே கோடையில் சென்னையிலிருந்து வரும் ஒரு வித்வான், முப்பது வருஷ சாதகத்தோடு, அதே ஊரில், அதே மாதிரியான அரங்கில் உட்கார்ந்து பாடுகிறார். கூட்டத்தைப் பார்த்தால் நாற்பது, ஐம்பது தலை. அதிலும் பாதிப் பேர் ஏற்பாடு செய்தவர்களும் அவர்கள் வீட்டாரும். அரங்கேற்றத்துக்கு வந்த நானூறு பேரும் அன்றைக்கு எங்கே போனார்கள்?

இந்த ஊரில் கச்சேரி ஏற்பாடு செய்யும் ஒரு சின்னக் குழுவுக்கு வரவு செலவு எழுதித் தருகிறேன். கச்சேரிக்கு வருகிறவர்களுக்கு அதன் பின்னால் இருக்கும் சங்கதி தெரிவதில்லை. கலைஞர்களை அழைத்துவர விசா வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் கலைஞர்களுக்கான பி (P) வகை விசா மனுக் கட்டணம் 460 டாலரிலிருந்து 1,015 டாலராக ஏறியது. லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கும் சின்ன நிறுவனங்களுக்கும் 510. வக்கீல் செலவு தனி. பதில் சீக்கிரம் வேண்டுமென்றால் கட்டும் அவசரக் கட்டணம் மனுக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதற்கப்புறம் விமான டிக்கெட், அரங்க வாடகை, அரங்கத்துக்கான காப்பீடு, ஒலி அமைப்பு, பள்ளி அரங்கமானால் கதவு பூட்டக் காத்திருக்கும் ஊழியருக்கு மணிக்கு இவ்வளவு என்று கூலி. இத்தனைக்கும் பிறகுதான் கலைஞர்களின் சன்மானம்.

ஒரே ஊர் இதைத் தாங்க முடியாது. அதனால்தான் கலைஞர்கள் ஊர் ஊராகப் போகிறார்கள். கிளீவ்லாந்தில் 1978-ல் ஒருசில குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிய தியாகராஜ ஆராதனை இன்று வசந்த காலப் பயணத்துக்கே மையம். அங்கே வருகிறவர்கள் அப்படியே நியூ ஜெர்சி, சிகாகோ, ஹூஸ்டன், டாலஸ், கலிபோர்னியா விரிகுடாப் பகுதி என்று ஒரு சுற்று வருவார்கள். செலவை ஊர்கள் பங்கு போட்டுக்கொள்ளும். நடுவில் ஒரு ஊர் ‘இந்த வருஷம் எங்களால் முடியாது’ என்றால் அந்தப் பங்கு மற்ற ஊர்களின் தலையில் விழும். அடுத்த வருஷம் இன்னொரு ஊர் கழன்றுகொள்ளும். கலைஞர்கள் ஓட்டலில் தங்குவதில்லை. யாராவது ஒருவர் வீட்டு மாடி அறைதான். விமான நிலையத்தில் போய்க் கூட்டிவருவது ஒருவர், ரசம் சாதம் ஒருவர் வீட்டில், மறுநாள் விடிகாலை நாலு மணிக்குக் கொண்டுபோய் விடுவது இன்னொருவர். இந்த உழைப்புக்கு விலை போட்டால் எங்கள் கணக்குப் புத்தகம் முழுக்கச் சிவப்பு மை.

பாமல், போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1966-லேயே இந்த நோயைப் பிடித்துக் காட்டிவிட்டார்கள். தொழிற்சாலையில் யந்திரம் வந்தால் பத்துப் பேர் வேலையை இரண்டு பேர் செய்யலாம். நாலு பேர் வாசிக்கும் வாத்தியக் குழுவுக்கு இன்றைக்கும் நாலு பேர்தான் வேண்டும், அதே நேரம்தான் ஆகும். ஆனால் அந்த நாலு பேரும் இந்தக் காலத்து வாடகையையும் இந்தக் காலத்து அரிசி விலையையும் கொடுத்துத்தான் வாழ வேண்டும். நம் கச்சேரிக்கும் இது அப்படியே பொருந்தும். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், முடிந்தால் ஒரு கடம். அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் காலத்திலும் இதே ஆள்பலம்தான். டிக்கெட் விற்று முழுச் செலவையும் எடுத்துவிடலாம் என்று நினைக்கிற எந்தச் சபாவும் உலகத்தில் தேறியதில்லை. இடைவெளியை யாராவது நிரப்பியே ஆக வேண்டும்: அந்தக் காலத்தில் ராஜாவும் ஜமீன்தாரும், பின்பு கம்பெனி விளம்பரம், இங்கே நன்கொடையும் அதற்கு ஈடாக அலுவலகம் போடும் தொகையும்.

அமெரிக்கர்களின் சொந்தச் சங்கீதமான ஜாஸுக்கும் இதே பாடுதான் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என் பேரன் பள்ளி ஜாஸ் குழுவில் சாக்ஸபோன் வாசிக்கிறான். கத்ரி கோபால்நாத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். இவன் அந்தக் குழலை எடுத்ததும் ‘கல்யாணி வாசிடா’ என்றேன். அவன் வாசித்தது வேறு ஏதோ. ஃபிரிஸ்கோவிலிருந்து 380-ம் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் டென்டன் ஊர். அங்கேயுள்ள வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம்தான் ஜாஸுக்கென்று பட்டப்படிப்பை முதன்முதலில் தொடங்கியது, 1947-ல். ரவிசங்கரின் மகள் நோரா ஜோன்ஸ் ஜாஸ் பியானோ படித்ததும் அங்கேதான். ஒத்திகை நேரத்தையே பெயராகக் கொண்ட ‘ஒன் ஓ க்ளாக்’ குழு உலகப் பிரசித்தம். இன்று அமெரிக்கா முழுவதும் பள்ளிகளில் ஜாஸ் குழு இருக்கிறது, கல்லூரிகளில் துறை இருக்கிறது, வாசிக்கத் தெரிந்தவர்கள் வருஷா வருஷம் வெளியே வந்துகொண்டே இருக்கிறார்கள்.

அப்படியானால் கேட்பவர்களும் பெருகியிருக்க வேண்டுமே? அமெரிக்க அரசின் தேசியக் கலைநிதி அமைப்பு அவ்வப்போது எடுக்கும் கணக்கு ஒன்று உண்டு. வருஷத்தில் ஒரு ஜாஸ் நிகழ்ச்சிக்காவது நேரில் போனவர்கள், 2002-ல் பெரியவர்களில் 10.8 சதவீதம். 2008-ல் 7.8. அப்புறம் கொஞ்சம் தேறி 2017-ல் 8.6 ஆனது. என்னை உறுத்திய எண் வேறு. ரசிகர்களின் இடைநிலை வயது 1982-ல் 29, 2008-ல் 46. இருபத்தாறு வருஷத்தில் ரசிகருக்குப் பதினேழு வயது கூடியிருக்கிறது. அன்றைக்கு வாலிபர்களாக வந்தவர்களே தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறார்கள், பின்னால் வரிசை சேரவில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இதே காலத்தில் இன்னொரு கதை. 1968-ல் தொடங்கிய ஜாஸ் ஆசிரியர்கள் சங்கம், பின்னால் சர்வதேச ஜாஸ் கல்விச் சங்கமாக வளர்ந்தது. நாடெங்கும் உறுப்பினர்கள், வருஷா வருஷம் திருவிழா மாதிரி மாநாடு. அந்த மாநாட்டு வருமானத்தையே நம்பிச் செலவு செய்து பழகிவிட்டார்கள். நிதி திரட்ட ஒரு பெரிய இயக்கம் எடுத்தார்கள். வந்த நன்கொடை திரட்டிய செலவுக்கே சரியாகப் போயிற்று. 2008 ஜனவரியில் டொராண்டோவில் கூட்டிய மாநாட்டுக்கு எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஏப்ரலில் சங்கம் திவால் மனுக் கொடுத்தது. நாற்பது வருஷ அமைப்பு மூன்று மாதத்தில் இல்லாமல் போனது. கற்றுக்கொடுக்கிறவர்களின் சங்கம் அது. மாணவர்களுக்கு ஒரு நாளும் குறைவிருந்ததில்லை.

டாலஸில் ஒரு சின்ன இடம் மட்டும் விடாப்பிடியாக நடக்கிறது. 1909-ல் கட்டிய டர்ட்டில் கிரீக் நீரேற்று நிலையத்தைக் கலைக்கூடமாக மாற்றி, சாமன்ஸ் மையம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1989-லிருந்து அங்கே உள்ளூர் வித்வான்களை வைத்து ஜாஸ் தொடர் நடத்துகிறார்கள். ஒரு தடவை பேரனோடு போயிருந்தேன். மேசை போட்டு உட்காரும் சின்னக் கூடம். ஒலிபெருக்கியின் அலறல் இல்லை. சுற்றிப் பார்த்தால் எல்லாம் என் போன்ற நரைத்த தலைகள். என் பேரன் ஒருவன்தான் கருப்புத் தலை. பக்கத்தில் இருந்த அம்மையார், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம், சாக்ஸபோன்காரர் தன் முறையை வாசித்து முடித்ததும் பேரனின் முழங்கையைத் தட்டிக் கைதட்டச் சொன்னார். அடுத்தது பியானோ, மறுபடி ஒரு தட்டு. மூன்றாவதாக டிரம்ஸ்காரர் தனியாக வாசிக்க ஆரம்பித்தார். கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. திரும்பி வரும்போது காரில் பேரன் கேட்டான்:

“தாத்தா, நம்ம கச்சேரில மிருதங்கம் தனியா வாசிக்கும்போது மட்டும் ஏன் எல்லாரும் எழுந்து வெளியே போறாங்க?”

நான் என்ன சொல்ல? மயிலாப்பூரிலும் அப்படித்தான் என்றேன். கான்டீனில் போண்டா ஆறிவிடும் என்றேன். அவன் சிரிக்கவில்லை.

நாம் வளர்த்ததெல்லாம் மேடை ஏறுகிறவர்களை. நாற்காலியில் உட்காருகிறவர்களை வளர்க்கவில்லை. பாட்டு வகுப்புக்குச் சம்பளம் கட்டுகிறோம், போட்டிக்குப் பணம் கட்டுகிறோம், அரங்கேற்றத்துக்கு ஒரு கல்யாணச் செலவே செய்கிறோம். குழந்தை அடுத்தவர் பாடுவதை இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று எந்த வகுப்பிலும் பாடம் இல்லை. கல்லூரி விண்ணப்பத்தில் ‘பத்து வருஷம் கச்சேரி கேட்டேன்’ என்று எழுத ஒரு கட்டம் கிடையாது. அதுவும் ஒரு காரணம். ஜாஸ்காரர்களும் இதே பள்ளத்தில்தான் விழுந்தார்கள் என்பது என் கட்சி. படித்து வெளியே வந்த அத்தனை பேரும் வாசிக்கத் துடித்தார்கள். அவர்களில் எத்தனை பேர் வாரம் ஒருமுறை காசு கொடுத்து வேறொருவரைக் கேட்கப் போனார்கள்?

சென்னையில் ரசிகர் என்ற ஆள் தானாக முளைத்துவிடவில்லை. பார்த்தசாரதி சுவாமி சபா தொடங்கியது 1900-ல். மியூசிக் அகாடமி 1927-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையோடு நடந்த சங்கீத மாநாட்டின் விளைவாக, 1928-ல் திறக்கப்பட்டது. அரண்மனையும் கோயிலும் விட்ட இடத்தை வக்கீல்களும் குமாஸ்தாக்களும் சந்தா கட்டிப் பிடித்தார்கள். அலுவலகம் விட்டு வந்து உட்காரும் அந்தச் சந்தாக்காரர்களுக்கு ஏற்றபடி அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் கச்சேரியின் அமைப்பையே திருத்தினார்: தொடக்கத்தில் வர்ணம், விறுவிறுப்பான கீர்த்தனைகள், நடுவில் விஸ்தாரமான ஒன்று, கடைசியில் துக்கடா. இன்றைக்கும் நாம் கேட்பது அந்த வரிசையைத்தான். கேட்கிறவர் பாடுகிறவரை மாற்றியிருக்கிறார். கேட்கிறவர் இல்லாத ஊரில் பாட்டும் போட்டி மேடையின் பாட்டாகச் சுருங்கிப்போகும். பத்து நிமிஷத்துக்குள் எத்தனை கணக்கு வைக்கலாம் என்ற கவலைதான் மிஞ்சும்.

எங்கள் குழுவில் வருஷா வருஷம் ஒரு சண்டை வரும். கடந்த தடவையும் வந்தது. இளைஞர் ஒருவர், நல்ல வேலையில் இருப்பவர், சொன்னார்:

“அங்கிள், டிக்கெட் போட்டா யாரும் வர மாட்டாங்க. ஃப்ரீயா விட்டுடலாம். திருவையாத்துல என்ன டிக்கெட்டா வாங்கறாங்க?”

திருவையாற்றில் டிக்கெட் இல்லைதான். அங்கே தியாகராஜர் சமாதிக்குக் கட்டடம் எழுந்தது எப்படி? பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் வாழ்நாள் சம்பாத்தியத்தைக் கொட்டி 1920-களில் கட்டியது. ஆராதனையில் பெண்கள் பாட இடம் கொடுக்காதவர்களோடு மல்லுக்கட்டி, அதற்கும் வழி செய்தவர் அவர்தான். தணிக்கையில் இலவசம் என்று ஒரு தலைப்பே கிடையாது. வேறு யாரோ கொடுத்திருக்கிறார், அவர் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் தேட வேண்டும். நம் ஊரில் நாகரத்தினம்மாள் யார் என்று கேட்டேன். பதில் இல்லை.

இலவசக் கச்சேரிக்கு வருகிறேன் என்று பெயர் கொடுத்தவர், அன்று மழை பெய்தால் வரமாட்டார். பதினைந்து டாலர் கொடுத்தவர் குடையோடு வருவார். இதை நான் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டேன். ஒற்றை டிக்கெட்டைவிட வருஷச் சந்தா இன்னும் நல்லது. ஜனவரியிலேயே பணம் கைக்கு வந்தால் எந்தக் கலைஞருக்கு வாக்குக் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்யலாம். கட்டியவர் ‘கட்டியாயிற்றே’ என்பதற்காகவாவது பெயர் தெரியாத ஒரு இளம் கலைஞரையும் கேட்க வந்துவிடுவார். கடைசியில் மாணவர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்குச் சந்தா என்று முடிவானது. அந்த இளைஞரே முதல் சந்தா கட்டினார். கூடவே அவருடைய நிறுவனத்திலிருந்து நன்கொடைக்கு ஈடான தொகை வாங்க வேண்டிய படிவங்களையும் அவர் தலையில் கட்டிவிட்டோம்.

இங்கே ஒரு பாட்டு டீச்சர் இருக்கிறார். சொந்த மாணவர்களைச் சபைக்கு அனுப்பி வைப்பதோடு நிற்கமாட்டார். ஆளுக்கு ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார். கச்சேரியில் ஒவ்வொரு பாட்டுக்கும் ராகம், தாளம், அதில் தனக்குப் பிடித்த ஓர் இடம் எழுத வேண்டும். அடுத்த வகுப்பில் அதைப் பற்றி மட்டும் அரை மணி பேச்சு. ஒரு பெண்ணின் நோட்டைப் பார்த்தேன். ‘ஹரிகாம்போதி’ என்று எழுதி அடித்திருந்தாள். அதன்மேல் ‘காம்போதி’. அதையும் பாதி அடித்து, பக்கத்தில் கேள்விக்குறி. கீழே தமிழும் ஆங்கிலமுமாக, வயலின்காரர் ஒரு சங்கதியை வாசிக்காமல் விட்டுவிட்டுப் பாடகரைப் பார்த்துச் சிரித்தார் என்று குறித்திருந்தாள். அந்தச் சிரிப்பைக் கவனித்த பிள்ளை மேடை ஏறினாலும் ஏறாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை. அவள் டீச்சரின் மாணவர்கள் வரும் நாளில் முன் மூன்று வரிசைகள் நிரம்பிவிடும். மற்ற டீச்சர்களிடமும் இதைக் கேட்டுப் பார்த்தோம். சிலர் ஒப்புக்கொண்டார்கள். சிலருக்கு அடுத்த பள்ளிக்காரர்கள் ஏற்பாடு செய்யும் கச்சேரிக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயக்கம். அந்தத் தயக்கத்துக்கு விசா மனு, சன்மானம் எதிலும் மருந்து இல்லை.

இன்னொரு கூட்டம் கண்ணெதிரிலேயே இருந்தது. எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பேரன் பேத்தியைப் பார்க்க ஆறு மாதம் வந்திருக்கும் தாத்தா பாட்டிகள். கும்பகோணத்திலும் மாம்பலத்திலும் ஐம்பது வருஷம் கேட்டுப் பழுத்த காதுகள். ஆலாபனையின் முதல் பிடியிலேயே தோடி என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் இந்த ஊரில் பஸ் இல்லை, கார் ஓட்டத் தெரியாது, மகனோ மகளோ சனிக்கிழமை மாலை பிள்ளையைக் கால்பந்துக்கு அழைத்துப்போயிருப்பார்கள். பெரியவர்கள் வீட்டிலே யூடியூபில் செம்மங்குடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ரெண்டு மைல் தள்ளி அவர்களுக்காகவே ஒரு வித்வான் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாடுகிறார்.

இப்போது வாட்ஸாப்பில் ஒரு குழு தொடங்கியிருக்கிறோம். கச்சேரிக்கு வருகிறவர்கள் காரில் எத்தனை இடம் காலி, எந்தத் தெரு வழியாக வருவார்கள் என்று போட வேண்டும். பெரியவர்கள் வீட்டு விலாசம் தனியாக எங்களிடம். வரவேற்பு பலமாகத்தான் இருக்கிறது. ஒரே தொல்லை, பாட்டிமார்கள் மங்களம் முடிந்த பிறகும் வித்வானைச் சூழ்ந்துகொண்டு விடமாட்டேன் என்கிறார்கள். அரங்கத்தை ஒன்பதரைக்குக் காலி செய்து கொடுக்க வேண்டும். தாண்டினால் மணிக்கூலி ஏறும். அடுத்த வருஷ வரவு செலவில் அதற்கென்று ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.